தேடினால் மட்டும் போதுமா?

2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள், ஜொகூர் மாநிலத்தின் பாசிர் கூடாங் வட்டாரம் கலங்கியது. சுங்கை கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சுவாயு பரவியது. மாணவர்கள் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முதலில் இரண்டு பள்ளிகள் மூடப்பட்டன. பாதிப்புப் பெருகியதால், மார்ச் 13ஆம் நாள் அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடுமாறு கல்வியமைச்சு உத்தரவிட்டது.

இந்நிகழ்வைப் பற்றி இரு மாணவர்கள் இடுபணி செய்வதாகக் கொள்வோம். மூடப்பட்ட பள்ளிகள் இரண்டு என்று ஒருவர் எழுதுகிறார்; மற்றவர் 111 என்கிறார். இருவரும் இணையச் செய்திகளிலிருந்தே எடுத்தனர். எவரும் பொய் எழுதவில்லை. ஆனால், அச்செய்தி எந்த நாளுக்குரியது, அதை வெளியிட்டவர் யார் என்பதை இருவருமே குறிப்பிடவில்லை. நாளும் மூலமும் இல்லாத தகவல் பாதித் தகவலே.

இக்குறை இடுபணியோடு நின்றுவிடுவதில்லை. பேரிடர் வேளையில் பழைய செய்தி ஒன்று புலனத்தில் புதிய செய்தியைப்போல் வலம் வந்தால் என்ன ஆகும்? மூடிய பள்ளியின் வாசலில் பிள்ளைகள் போய் நிற்பர். மூடாத பள்ளியோ வெறிச்சோடிக் கிடக்கும். பகிர்ந்தவர் நல்லெண்ணத்தோடுதான் பகிர்ந்திருப்பார். ஆயினும், நல்லெண்ணம் மட்டும் தகவலை உண்மையாக்கிவிடாது.

ஐயத்திற்குரிய செய்திகளைச் சரிபார்க்க, மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017ஆம் ஆண்டில் 'செபெனார்ஞா' எனும் அகப்பக்கத்தைத் தொடங்கியது. இது பயனுள்ள முயற்சியே. எனினும், நாள்தோறும் கைப்பேசிக்கு வரும் ஒவ்வொரு செய்தியையும் ஓர் அகப்பக்கம் சரிபார்த்துத் தர இயலாது. அத்திறன் மாணவரிடமே வளர வேண்டும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை எனச் சிலர் கூறலாம். அக்கூற்றில் நியாயம் உண்டு. ஆனால், இதற்குத் தனிப்பாடம் தேவையில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை ஆதாரமாகக் கொண்டு சொன்னது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வோர் இடுபணியிலும் விடை கேட்டாலே போதும். அழகிய அட்டைக்கும் பக்க எண்ணிக்கைக்கும் மட்டுமே புள்ளிகள் கிடைத்தால், மாணவர் வெட்டி ஒட்டத்தான் செய்வர். இரண்டு மூலங்களை ஒப்பிட்டு, அவை ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கும் மாணவருக்குக் கூடுதல் புள்ளிகள் வழங்கினால், ஆராயும் பழக்கம் தானே வேரூன்றும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றனர் முன்னோர். தேடுபொறி நொடியில் விடையைக் காட்டும். ஆனால், நமக்காக விசாரித்துத் தராது. தீர விசாரிக்கும் பழக்கத்தை வகுப்பறையிலேயே ஊட்டுவது பள்ளியின் கடமையாகும்.