வேனிற்காலக் குறிப்பேடு

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கலாசாலைக் கதவுகள் அடைபட்டவுடன் மாணாக்கர் தத்தம் ஊர்களை நோக்கிச் செல்கின்றனர், விடுதி வெறுமையடைகின்றது, புத்தகசாலையிற் தூசி படிகின்றது. இனி ஆனித் திங்கள் வரையில் ஈண்டு யாதொன்றும் நிகழ்வதில்லை என்பது பலர்தம் எண்ணம். ஆனால் மனிதர் ஓய்வு கொள்ளும் அக்காலமே புள்ளினமும் பூச்சியினமும் தம் வாழ்வின் தலையாய தொழில்களை இயற்றும் காலமாகும். காக்கை கூடு கட்டுகின்றது. குயில் அக்கூட்டிற் களவாய் முட்டையிடுகின்றது. பஞ்சுருட்டான் மணற்கரையில் வளை தோண்டுகின்றது. ஆட்காட்டிக் குருவி வெறுந்தரையிற் கூழாங்கற்களிடையே தன் முட்டைகளைக் காத்து நிற்கின்றது. நம்மவர் கோடையிற் கண்டவற்றைக் கண்டவாறே எழுதி ஒருவரோடொருவர் பகிர்ந்துகொள்ளுதல், நம் கலாசாலையின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும் என்பதே யாம் ஈண்டு வற்புறுத்த விரும்புவது.

"இது வேலையற்றோர் விளையாட்டன்றோ?" எனச் சிலர் வினவக்கூடும். தேர்விற்கு உதவாத அறிவு அறிவாகாது என்னும் கொள்கை நம்மிடையே வேரூன்றியிருத்தலின், அவ்வினா எழுதல் இயல்பே. எனினும் மிஷன் கலாசாலையொன்றின் முற்றத்தில் நின்று இங்ஙனம் வினவுதல் பொருந்தாது. இங்கிலாந்து தேசத்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரிற் குருத்துவப் பணி புரிந்த கில்பர்ட் ஒயிட் என்பார், தம் ஊரெல்லைக்குள் வந்துபோகும் பறவைகளையும் பூச்சிகளையும் ஆண்டுதோறும் குறித்துவைத்து, நண்பர் இருவருக்குக் கடிதங்களாக எழுதினார். அக்கடிதங்களே 1789-ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றன. ஒன்றுபோலத் தோன்றும் மூன்று சிறு குருவிகள் வெவ்வேறு இனத்தன என்பதை, அவற்றின் குரல் வேற்றுமை கொண்டே அவர் தெளிந்தார். அவரிடம் பெருங்கருவிகள் இருந்தில. பொறுமையுள்ள செவியும் நாள் தவறாத எழுதுகோலுமே இருந்தன.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுகள் உள. லின்னேயஸ் என்னும் பேரறிஞரின் மாணாக்கராகிய கோனிக் என்பார், 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்தவர். கறையானின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய வியாசம் 1779-இல் வெளிவந்தது. நம் வீட்டுக் கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரில் இன்றும் அவர் பெயர் விளங்குகின்றது. மிஷனரி ஒருவரின் புதல்வராய் 1851-இல் சதாராவிற் பிறந்த எட்வர்டு ஹாமில்டன் எய்ட்கன், சுங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே, தம்மைச் சூழ்ந்த பறவைகளையும் பூச்சிகளையும் பற்றி நகைச்சுவை ததும்ப எழுதினார். 1883-இல் பம்பாய் இயற்கைச் சரித்திர சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். தமிழிலோ, நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டையும் காட்டுயிரையும் தம் கண்ணாற் கண்டு எழுதி, இத்துறைக்கு வழிகாட்டினார். இவர்களெல்லாம் வேலையற்றோர் அல்லர். வேலையினிடையே கண்ணைத் திறந்து வைத்திருந்தோர்.

"எழுதவேண்டியவற்றை எல்லாம் அறிஞர் எழுதிவிட்டனர், நாம் எழுதுவதற்கு என்ன எஞ்சியுள்ளது?" என்பது மற்றொரு தடை. இதற்குத் தும்பி ஒன்றே விடை கூறும். மாலத்தீவுகளில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்னும் உயிரியலாளர், நன்னீர் நிலைகள் அரிதாகிய அத்தீவுகளில் ஆண்டுதோறும் ஐப்பசியையொட்டித் தும்பிகள் திரள்திரளாக வந்திறங்குதலைக் கண்டு, அவை வந்த நாட்களைக் குறித்துவந்தார். அக்குறிப்புகளைக் கொண்டே, அவை இந்தியாவினின்று புறப்பட்டு, காற்றின் துணையாற் பெருங்கடல் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்கா வரையிற் செல்கின்றன என்னும் கருத்தை 2009-இல் வெளியிட்டார். நம் வயல்வரப்பிற் சிறுவர் வாலைப் பிடித்து விளையாடும் தட்டானே அத்தும்பி! அதன் கடற்பயணத்தை உலகிற்கு உணர்த்தியது, ஒருவர் ஆண்டுகள்தோறும் விடாது எழுதிவைத்த தேதிகளேயாகும்.

தனியொருவர் குறிப்பு இத்துணை பயன் தருமாயின், பலர் குறிப்பும் ஒருங்கு சேருமிடத்து விளையும் பயன் சொல்லவும் வேண்டுமோ? 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்குநர்கள் எழுதிய ஏறத்தாழ 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு, 942 இனங்களை ஆராய்ந்தது. அவர்களுட் பெரும்பாலார் விஞ்ஞானிகள் அல்லர். ஆசிரியரும் வணிகரும் மாணவரும் இல்லத்தரசியருமே. அவ்வறிக்கையால் நாம் அறிவன யாவை? குயிலும் மயிலும் பெருகிவருகின்றன. நாம் எளிதென எண்ணும் பனங்காடை குறைந்துவருகின்றது. 178 இனங்களைக் காக்க விரைந்து முயலவேண்டும். ஆயினும் பொதுமக்கள் கூடிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் நாட்களுட் சிறப்பானவை, 2015 முதல் தமிழ்நாட்டில் நடைபெறும் பொங்கற் கணக்கெடுப்பும், மாசியிற் கலாசாலைகள் கலந்துகொள்ளும் கணக்கெடுப்பும் ஆகிய குளிர்காலத்து நாட்களே. வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் இருக்கும் கோடையிற் கண்கள் குறைகின்றன. அக்குறையை நிரப்புதற்கு, ஊர்தோறும் பரந்து செல்லும் நம் மாணாக்கரினும் தக்கார் யாவர்?

இனி, வேனிலில் எவற்றைக் காணலாம் என்பதற்குச் சில உதாரணங்கள் கூறுவோம். குயில் இளவேனிலில் எங்கிருந்தோ வந்து பாடுகின்றதென்று பலர் நம்புகின்றனர். அஃது ஆண்டு முழுதும் நம்மிடையே உள்ளதே. குரலெடுக்கும் பருவந்தான் கோடை. இனிது பாடுவது கரிய சேவலேயன்றிப் புள்ளி பொருந்திய பேடையன்று. ஆறுமணிக்குருவியோ உண்மையாகவே வந்துபோகும் விருந்து. இலையுதிர்ந்த நிழலில் வாலசைத்து உலாவி, காலையிலும் மாலையிலும் குரல் கொடுத்துத் தன் பெயரைப் பெற்ற அக்குருவி, நடு இந்தியாவிலும் இமயத்தின் அடிவாரத்திலும் கூடு கட்டுதற்பொருட்டுச் சித்திரையையொட்டி நம்மைவிட்டு நீங்குகின்றது. நம் ஊரில் அதன் குரல் கடைசியாகக் கேட்ட நாள் எது? வந்த நாளைக் காண்போர் பலர். போன நாளைக் குறிப்போர் மிகச் சிலர்.

வண்ணத்துப்பூச்சிகளின் யாத்திரையும் இத்தகையதே. தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், கருமையில் நீலக்கோடு பொருந்தியனவும், கபில நிறத்தில் வெண்புள்ளி அமைந்தனவுமாகிய பூச்சிகள், மேற்குத்தொடர்ச்சி மலையினின்று கிழக்கு நோக்கித் திரளாய்ப் பறத்தலைச் சித்திரை வைகாசிகளிற் காணலாம். வடகிழக்கு மழைக்கு முன்னர் அவை மீண்டும் மேற்கு நோக்கிச் செல்கின்றன. இடைவழியிற் கிலுகிலுப்பைச் செடியிலும் தேட்கொடுக்கிலும் அவை மொய்த்திருப்பதன் காரணம் தேன் மட்டுமன்று. ஆண்பூச்சிகள் பேடைகளைக் கவரும் மணத்திற்கு வேண்டிய சத்தை அச்செடிகளினின்றே உறிஞ்சுகின்றன. பயனற்ற களையென நாம் பிடுங்கி எறிவது, அவற்றிற்கு வழிநடைச் சத்திரமாகின்றது. கோனிக்கின் பெயர் தாங்கிய கறிவேப்பிலையிற் பறவை எச்சம்போலக் கிடக்கும் சிறு புழு, சின்னாளிற் பச்சை நிறம் பூண்டு, பின்னர்க் கரிய வண்ணத்துப்பூச்சியாகின்றது. அதன் பேடைகளுட் சில, பறவைகள் உண்ண அஞ்சும் வேறோர் இனத்தின் சிவந்த கோலத்தைப் பூண்டு தம்மைக் காத்துக்கொள்ளுகின்றன. கோடைமழை பெய்த மறுநாள் செம்பட்டுப் போர்த்து ஊர்ந்துவரும் தம்பலப்பூச்சியின் கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு உள. ஆகவே அது பூச்சியன்று, சிலந்திக்கு உறவு என்பது கண்கூடாகும். இவற்றைக் காணப் பரிசோதனைச்சாலை வேண்டா. வீட்டுப் புறக்கடையே போதும்.

எழுதும் முறைக்குச் சில விதிகள் இன்றியமையாதன. நாள், நேரம், இடம், எண்ணிக்கை, அவ்வுயிர் செய்துகொண்டிருந்த தொழில் ஆகிய ஐந்தும் குறிக்கப்படல் வேண்டும். ஐயமுற்றதை ஐயமென்றே எழுதுக. அரியதொன்றைக் கண்டோம் என்னும் பெருமைக்காக எளியதற்கு அரியதன் பெயரைச் சூட்டல் பொய்க்கரி கூறுவதை ஒக்கும். தேடியும் காணவில்லையெனின், அதனையும் எழுதுக. குளத்தில் இவ்வாண்டு நாரை வரவில்லை என்னும் ஒரு வரி, வந்தது என்னும் பத்து வரிகளினும் பயனுடையதாகலாம். ஊரார் வழங்கும் பெயரை விடாது குறிக்க. பனையேறுவோரும் ஆடு மேய்ப்போரும் மீன் பிடிப்போரும் அறிந்த பெயர்கள், எந்த அகராதியிலும் ஏறாமல், முதியோருடன் மறைந்துவருகின்றன. அன்னோரிடம் பணிந்து கேட்டு எழுதுதல் மொழித் தொண்டுமாகும்.

பகிர்தலால் தீங்கும் விளையக்கூடுமென்று அஞ்சுவோர் கூற்றைத் தள்ளிவிட இயலாது. கூடிருக்கும் இடத்தைப் பலரறிய எழுதினால், வேட்டைக்காரரும் குஞ்சு பிடித்து விற்போரும் வருவர். அவர்களினும் மிகுதியாய், அருகிற் சென்று படம் பிடிக்க விழைவோர் வந்து குழுமுவர். தாய்ப்பறவை அஞ்சி அகன்றால், சித்திரை வெயிலிற் சிறிது நேரத்திலேயே முட்டை கெடும். ஆட்காட்டி தன் வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விப்பது எத்துணைத் துன்பத்தினிடையே என்பதை அறிந்தோர், அதனை எழுப்பித் துரத்த மனங்கொள்ளார். ஆகவே கூட்டின் இடத்தைக் குறிப்பேட்டிற்குப் பொறுப்பாளராகிய ஆசிரியர் ஒருவர் மட்டும் அறிக. பிறர்க்கு இனமும் திங்களும் ஊரும் போதும். மறைக்கவேண்டியதை மறைத்துப் பகிரவேண்டியதைப் பகிர்தலே அறிவுடைமை.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு நம் வளாகமே சாட்சி. கலாசாலைகள் பலவற்றிலும், மாணவர் இல்லாத கோடைத் திங்கள்களிலேயே மரங்களின் கிளைகள் கழிக்கப்படுகின்றன, புதர்கள் எரிக்கப்படுகின்றன, விளையாட்டுத் திடல் சமன் செய்யப்படுகின்றது. வேலைக்கு வசதியான அக்காலம், கூடுகள் நிறைந்த காலமுமாகும். அத்திடலிலேதான் ஆட்காட்டியின் முட்டைகள் கிடக்கின்றன. அப்புதரிலேதான் வண்ணத்துப்பூச்சிகள் தங்குகின்றன. பட்ட பனையைப் பயனற்றதென வெட்டுகின்றோம். அதன் பொந்திலேதான் பனங்காடையும் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கின்றன. தொங்கும் காய்ந்த ஓலையைக் கழித்துவிடுகின்றோம். அதன் அடிப்புறத்தே பனை உழவாரன் தன் உமிழ்நீராற் சிற்றிறகுகளை ஒட்டிக் கூடமைத்திருக்கின்றது. பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021-இல் அரசாங்கம் அறிவித்தது. அவ்வறிவிப்புப் பனையைக் காக்கலாம். பனையின் குடிகளைக் காப்பதற்கு, அக்குடிகள் உள என்று எழுதிவைத்தவர் ஒருவர் வேண்டும். எழுதப்படாத கூடு, வெட்டுவோர் கண்ணுக்கு இல்லாத கூடேயாகும். வெட்டிய பின் இழந்தது யாதென்று கூறுவாரும் இலராவர்.

ஆகலான் யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, புத்தகசாலையில் வேனிற்காலக் குறிப்பேடு ஒன்று வைக்கப்பட்டு, விடுமுறை கழிந்து வரும் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம்மூர்க் காட்சிகளை அதிற் பதிதல் வேண்டும். தொலைவிலுள்ள பழைய மாணவரும் எழுதி அனுப்புவாராக. இரண்டாவது, அவற்றுட் சிறந்தவை ஆண்டுதோறும் இம்மலரில் வெளிவருதல் வேண்டும். மூன்றாவது, பங்குனி முதல் ஆனி வரையில், ஆபத்து விளைக்கும் மரமன்றிப் பிறிதொன்றும், அக்குறிப்பேட்டைப் பாராமலும் மரத்தை நேரிற் சோதியாமலும் வெட்டப்படலாகாது. நான்காவது, எருக்கும் கிலுகிலுப்பையும் தம் விருப்பம்போல் வளர, வளாகத்தின் ஒரு மூலை தீண்டாது விடப்படல் வேண்டும். இந்நான்கிற்கும் பெரும்பொருட்செலவு இல்லை. வேண்டுவது மேலோரின் இசைவும் இளையோரின் ஊக்கமுமே.

சாலொமோன் ஞானி எறும்பைக் காட்டியே சோம்பலைக் கடிந்தார். ஆகாயத்துப் பறவைகளைக் காட்டியே நம் ஆண்டவரும் கவலையுற்றோரைத் தேற்றினார். அங்ஙனம் உவமைக்கு வரும் உயிர்களை நேரில் நோக்காது, உவமையின் பொருளை மட்டும் ஓதுதல் அரைக் கல்வியேயாம். சிருஷ்டியை நேசிக்கிறோம் எனக் கூறுவோர், அதன் பெயரையேனும் அறிதல் வேண்டாவா? வரும் கோடையில் நம் மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு பறவையையும் ஒரு பூச்சியையும் தமக்கென்று தேர்ந்து, விடுமுறை முடியும்வரை அவற்றைத் தொடர்ந்து நோக்கி எழுதி வருவாராக. ஐந்நூறு மாணவர் ஓராண்டில் எழுதும் அவ்வேடு, ஐம்பதாண்டு கழிந்து இக்கலாசாலைக்கு வருவோர் கையில் இருக்கும். அன்று நம் வளாகத்திற் பனங்காடை இருப்பினும் சரி, இல்லையாயினும் சரி, இன்று இருந்தது என்பதற்கு நம் கையெழுத்தே சான்றாகும்.