போர்மட் அடிக்க முதல்

லப்டொப்பில் வைபை திடீரென்று நின்றுவிட்டால் எங்கட ஊரில் அதற்கு ஒரே மருந்துதான். போர்மட். தலையிடிக்கும் பனடோல், கால் நோவுக்கும் பனடோல் என்கிற மாதிரி, வைபை வராவிட்டாலும் போர்மட், சத்தம் வராவிட்டாலும் போர்மட். கடைக்குக் கொண்டுபோனால் "விண்டோஸ் அடிச்சுத்தான் பாக்கோணும் தங்கச்சி" என்பார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு லப்டொப்பை வைத்துவிட்டு வருவோம்.

இந்தப் பழக்கத்தை விடவேண்டும் என்பதுதான் என் கட்சி.

கடைக்கார அண்ணாவை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவர் அரை மணித்தியாலம் மினைக்கெட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை, ஏரோப்ளேன் மோட் போட்டுக் கிடந்தது" என்று சொன்னால், அதற்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வராது. போர்மட் அடித்தேன் என்றால் பேசாமல் கொடுப்போம். பிறகு அவர் ஏன் மினைக்கெடப் போகிறார்?

ஆனால் நட்டம் எங்களுக்குத்தான். கம்பஸில் கடைசி வருடம் படிக்கிற, எனக்குத் தெரிந்த ஒருத்தி இப்படிக் கொடுத்த லப்டொப் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. ஆய்வுக்காக அலைந்து எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் போய்விட்டன. வைபையும் வரவில்லை. ஏனென்றால் பழுதாகியிருந்தது உள்ளே இருக்கிற வைபை கார்ட். செத்த கார்ட் விண்டோஸை நூறு தரம் அடித்தாலும் எழும்பாது. இதைவிட நாங்கள் வெளியில் கதைக்காத இன்னொன்றும் இருக்கிறது. பாஸ்வேர்டைத் துண்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டு வருகிற அந்த லப்டொப்பில் எங்கட படங்கள் இருக்கின்றன, பேஸ்புக்கும் ஜீமெயிலும் திறந்தபடி கிடக்கின்றன. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்ப என்ன செய்யிறது? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவர்கள் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளைப் பாடமாக்கியிருப்பீர்கள். அடியில் கம்பியும் ரேடியோ அலையும், உச்சியில் நாங்கள் பாவிக்கிற செயலிகள். எந்த அடுக்குவரைக்கும் உயிர் இருக்கிறது என்று கீழிருந்து தேடிப் போகத்தான் அந்தப் படம் உதவும். எங்களுக்கு அது புள்ளி எடுக்க மட்டும் உதவியது.

முதல் கேள்வி: அதே ரவுட்டரில் போன் வேலை செய்கிறதா? போனிலும் இல்லையென்றால் லப்டொப்பைத் தொடவே தேவையில்லை. ரவுட்டரின் பிளக்கைக் கழற்றி அரை நிமிடம் விட்டுக் கொழுவுங்கள், டேட்டா மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். (அம்மா யூடியூப்பில் சீரியல் பார்த்த கிழமையென்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.) போனில் வருகிறது, லப்டொப்பில் மட்டும் இல்லை என்றால், லப்டொப்பைப் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். பிடித்தால் கார்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டு ரவுட்டரோடுதான் சண்டை. சேமித்து வைத்த பெயரை 'போர்கெட்' கொடுத்துவிட்டுப் பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். யாராவது ரவுட்டரை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மட்டும் மாற்றியிருந்தால், 2.4 மட்டும் பிடிக்கிற பழைய லப்டொப்புக்கு அந்தப் பெயரே தெரியாது.

வைபை பட்டனே காணாமல் போயிருந்தால் அது வேறு கதை. "ஷட்டவுன் பண்ணிப் போட்டுத்தானே பாத்தனான்" என்று எல்லாரும் சொல்வார்கள். விண்டோஸ் 10 இலும் 11 இலும் ஷட்டவுன் பல லப்டொப்புகளில் முழுதான ஷட்டவுன் இல்லை. சீக்கிரம் எழும்புவதற்காக உள்ளே கொஞ்சத்தை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டுதான் அது படுக்கும், அடுத்த நாள் பிழையோடேயே எழும்பும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமலே கடைக்குப் போன லப்டொப்புகள் எத்தனையோ.

அதற்கும் வராவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'நெட்வேர்க் அடாப்டர்ஸ்' பகுதியைத் திறவுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால் அங்கே 'ரோல் பேக் ட்ரைவர்' கொடுத்துப் பழைய ட்ரைவருக்குப் போகலாம். புது ட்ரைவர் இறக்கவேண்டுமென்றால், வைபை இல்லாமல் எப்படி இறக்குவது என்று பயப்பட வேண்டாம். அன்ட்ரொய்ட் போனை வயரில் கொழுவி யூஎஸ்பி டெதரிங் போட்டால் லப்டொப்புக்கு இணையம் வரும். 'நெட்வேர்க் ரீசெட்' என்றும் ஒன்று இருக்கிறது, ஆனால் சேமித்த வைபை பாஸ்வேர்ட் எல்லாம் அதோடு போய்விடும், முதலில் எழுதி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இல்லையென்றால் கடைக்குப் போவதில் பிழையில்லை. வேண்டியதைக் கொப்பி எடுத்துவிட்டு, கணக்குகளில் இருந்து வெளியேறிவிட்டுப் போங்கள். போய், உபுண்டு போட்ட பென் ட்ரைவில் லப்டொப்பை எழுப்பி வைபை பிடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பென் ட்ரைவிலேயே ஓடுவதால் உள்ளே இருப்பது ஒன்றும் அழியாது. அதில் பிடித்தால் பிழை விண்டோஸ் பக்கம். அதிலும் இல்லையென்றால் பெரும்பாலும் கார்ட்தான். பல லப்டொப்புகளில் அதைக் கழற்றி மாற்றலாம், இல்லாவிட்டால் யூஎஸ்பியில் செருகுகிற சின்ன அடாப்டர் ஒன்றும் போதும். வரும்போது, பார்த்துச் சொன்னதற்கு எவ்வளவு அண்ணா என்று கேட்டு அந்தக் காசையும் குடுத்துட்டு வாங்கோ.