செங்கொடியை விட்டுப் போனவர்கள்

கோடியக்கரையை உள்ளடக்கிய நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் 1977இல் வென்றவர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ்.ஜி. முருகையன். 1979இல் அவர் படுகொலை செய்யப்பட்டார். 2024இல் அவருடைய மகன் எஸ்.ஜி.எம். ரமேஷ் அதே தொகுதியில் பாஜக வேட்பாளராக நின்றார். வென்றது இந்திய கம்யூனிஸ்ட் வேட்பாளர் வை. செல்வராஜ்தான்.

இடதுசாரி அணியை விட்டுப் போனவர்கள் மீது எழும் முதல் வசை 'துரோகி'. அது தோழர்களின் கோபம். வாக்காளர் கணக்கோ வேறு.

1980களில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து விலகிய தா. பாண்டியன், காங்கிரஸ் ஆதரவோடு 1989, 1991 தேர்தல்களில் வட சென்னையில் வென்றார். பின்னர் தாய்க்கட்சிக்கே திரும்பி மாநிலச் செயலாளரும் ஆனார். வசைபாடியவர்களே வரவேற்கும் நாளும் வந்தது.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. இஸ்ரேலில் 2011 ஜனவரியில் எஹுத் பராக் தொழிலாளர் கட்சியை உடைத்துக்கொண்டு நான்கு எம்.பி.க்களோடு வெளியேறினார். நெதன்யாகு அரசில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் பதவி நீடித்தது. வெளியேறியபின் அவர் தொடங்கிய கட்சி 2013 தேர்தலில் போட்டியிடக்கூட இல்லை.

கருத்து மாறுவது குற்றமல்ல. மாறியவர் அப்போது பதவியைத் துறந்தாரா, தக்கவைத்தாரா என்பதே பார்க்க வேண்டியது. அடுத்த கேள்வி கொள்கை பற்றியது. விவசாயக் கூலி, கோயில் நிலக் குத்தகை, வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர் நலன் ஆகியவற்றில் அவர் நேற்று சொன்னது என்ன, இன்று சொல்வது என்ன? வாக்குக் கேட்டு வரும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.