மூச்சு முட்டு மாறினாலும் மருந்தை விடாதே!

"மக்ளே, முட்டு மாறிட்டுல்லா? இனி எதுக்கு மருந்து?"

ஆஸ்துமா உள்ள பிள்ளையைப் பார்த்துக் குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. பாசத்தோடு கேட்கிறார்கள். மருந்து உடம்புக்குச் சூடு என்று பயந்து கேட்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விதான் பல பிள்ளைகளை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வைக்கிறது.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை வந்தால் ஈரம். ஈரம் வந்தால் சுவரிலே பூஞ்சை, பிள்ளைக்குச் சளி. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுப்பு. அறுப்பு வந்தால் களத்திலே தூசி. அது போக, முந்திரி வறுக்கும் புகை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை, செங்கல் சூளைப் புகை, விறகடுப்புப் புகை.

மழையை நிறுத்த முடியுமா? அறுப்பைத்தான் நிறுத்த முடியுமா? முடியாது. ஆனால் சரியான மருந்தைத் தேர்ந்து, ஒழுங்காக எடுக்க முடியும்.

நீறு பூத்த நெருப்பு

ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய் உள்ளே புண்பட்டதுபோல் சிவந்து, வீங்கி இருக்கும். இதை அழற்சி என்கிறார்கள் டாக்டர்கள். தூசியோ புகையோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. குழாய் சுருங்குகிறது. சளி அடைக்கிறது. 'கொய்ங்' என்று சத்தம் வருகிறது.

முட்டு மாறியதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். அது நீறு பூத்த நெருப்பு! மேலே சாம்பல், உள்ளே கனல். அடுத்த காற்றுக்கு மறுபடியும் பற்றிக்கொள்ளும்.

இரண்டு வகை மருந்து

ஆஸ்துமா மருந்துகளில் முக்கியமானவை இரண்டு வகை.

ஒன்று, உடனே மூச்சைத் திறந்துவிடும் நிவாரண மருந்து. சால்புடமால் இந்த வகை. சில நிமிடங்களில் இறுகிய தசையைத் தளர்த்தும். ஆனால் உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதில்லை.

மற்றொன்று, அழற்சியை அடக்கும் தடுப்பு மருந்து. புடசோனைடு, பெக்லோமெத்தசோன் ஆகியவை இந்த வகை. இதை உறிஞ்சியதும் எந்த மாற்றமும் தெரியாது. நாட்கணக்கில், வாரக்கணக்கில் எடுத்தால்தான் பலன் தெரியும்.

மக்கள் எதை விரும்புகிறார்கள்? உடனே பலன் தருவதைத்தான்! தடுப்பு மருந்து மூலையில் கிடக்கிறது. நிவாரண மருந்து சட்டைப்பையிலே இருக்கிறது. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

பேச்சிப்பாறைத் தண்ணீர் முறையாக மடை வழியே வந்தால் பயிர் பச்சையாக நிற்கும். பயிர் கருகிய பிறகு குடம் குடமாக ஊற்றி என்ன பயன்?

இங்கிலாந்து கண்ட பாடம்

குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது 1956-ல். அதே ஆண்டில்தான் அமெரிக்காவில், அழுத்தினால் அளவாக மருந்து பீச்சும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. மருந்துக் கம்பெனித் தலைவர் ஒருவரின் மகளுக்கு ஆஸ்துமா. "தலைக்கு அடிக்கும் ஸ்பிரே மாதிரி என் மருந்தும் வரக்கூடாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அதிலிருந்து பிறந்தது இந்தக் கருவி.

கருவி நல்லது. அதற்குள் இருக்கும் மருந்து எது என்பதுதான் கேள்வி. 1960-களில் இங்கிலாந்தில் ஆஸ்துமாவால் இளம் வயதினர் இறப்பது திடீரென்று கூடியது. அப்போது புழக்கத்தில் இருந்தது வீரியமான நிவாரண மருந்து. மருந்தின் வீரியமே காரணமா, அதை நம்பி டாக்டரிடம் போகத் தாமதித்தது காரணமா என்று நிபுணர்கள் விவாதித்தார்கள்.

2014-ல் பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியானது. நிவாரண மருந்துக் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓர் ஆண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. கை நிறைய மருந்து இருந்தது. உயிரைக் காக்கவில்லை.

அதனால்தான் 2019-ல் ஜினா என்ற உலக ஆஸ்துமா நிபுணர் அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சால்புடமாலை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம் என்று சொன்னது. அழற்சியை அடக்கும் மருந்தும் சேர்ந்தே இருக்கவேண்டும். புடசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே இன்ஹேலர் இரண்டு வேலையையும் செய்யும். யாருக்கு எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

மாத்திரை சாதுவா?

"இன்ஹேலர் வீரியமானது, மாத்திரை சாது" என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாமே!

சால்புடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கலாம். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது, ஒரு மாத்திரை 40 அழுத்துக்குச் சமம்! மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. கை நடுங்குகிறது; நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலரோ நேராக நுரையீரலுக்குப் போகிறது.

"இதில் ஸ்டீராய்டு இருக்கிறதே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். இன்ஹேலரில் இருப்பது சிறு அளவு. எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் அபாயமும் குறையும். அஞ்ச வேண்டியது வேறொன்றுக்கு. பெயர் இல்லாத பொட்டலத்தில் விற்கும் 'இழுப்புப் பொடி'களில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உண்டு. அதைத்தான் மாதக்கணக்கில் விழுங்கக்கூடாது.

மருந்துவாழ் மலை இருக்கும் மாவட்டம் இது. பச்சிலையைப் பழிக்க வேண்டியதில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தையே செய்தார்கள். ஆனால் சளியை இளக்குவது வேறு. அழற்சியை அடக்குவது வேறு. கஷாயம் குடிப்பவரும் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தக்கூடாது.

மறைக்கலாமா?

பெண்பிள்ளைக்கு இழுப்பு என்றால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று இன்ஹேலரை ஒளித்து வைக்கிறார்கள். கல்யாணமாகிப் போன பெண், மாமியார் வீட்டில் மருந்து எடுக்க வெட்கப்பட்டு மூச்சுக்குத் திணறுகிறாள். மூக்குக்கண்ணாடி போட வெட்கம் இல்லை. மூச்சு விட ஒரு கருவி வைத்துக்கொள்ள என்ன வெட்கம்? கர்ப்பமானாலும் டாக்டரைக் கேட்காமல் இந்த மருந்தை நிறுத்தக்கூடாது.

அரசுக்கும் கடமை உண்டு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடிப் போயின. தடுப்பு இன்ஹேலரும் அதுபோல மாதம் தவறாமல் ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

இன்ஹேலர் வாங்கியதும், "இது தினசரி மருந்தா, அவசர மருந்தா?" என்று கேட்டு அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள். டாக்டர் முன்பாகவே ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள். முறை தவறினால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். சிறுவர்களுக்கு ஸ்பேசர் குழாய் வேண்டும்.

வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் நிவாரண மருந்து தேவைப்படுகிறதா? இருமலால் இரவில் தூக்கம் கலைகிறதா? நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். டாக்டரிடம் போங்கள்.

மூச்சு வாங்கி ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே, மருந்து எதற்கு என்று இனிக் கேட்காதீர்கள். மருந்து எடுப்பதால்தான் பிள்ளை ஓடியாடுகிறது!