திரும்பி வராத சஃபர்: செவ்வாய்க்கு ஒருவழிப் பயணம் கூடுமா?



2014 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் இஸ்லாமிய விவகாரங்கள் மற்றும் வக்ஃபு ஆணையத்திடமிருந்து ஒரு மார்க்கத் தீர்ப்பு வந்தது. திரும்பும் வழியே இல்லாமல் செவ்வாய்க் கோளுக்குச் செல்வது தற்கொலைக்கு ஒப்பானது, ஆகவே முஸ்லிமுக்கு அது கூடாது என்பதே அதன் சாரம். பல பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. "செவ்வாய்க்கே ஃபத்வாவா?" என்று நகைத்தவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அறிவியலின் பாதையில் மார்க்கம் மறுபடியும் குறுக்கே நிற்கிறது என்று அவர்கள் கருதிக்கொண்டனர். அந்தத் தீர்ப்பு சரியானது. நகைத்தவர்கள் அது எதைத் தடுத்தது என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

விற்கப்பட்டது என்ன?

நெதர்லாந்தைச் சேர்ந்த பாஸ் லான்ஸ்டார்ப் என்பவர் 2011இல் தொடங்கிய 'மார்ஸ் ஒன்' நிறுவனம் 2013 ஏப்ரலில் தன்னார்வலர்களை அழைத்தது. நால்வர் நால்வராகச் செவ்வாய்க்குச் செல்ல வேண்டும். அங்கேயே வாழ்ந்து அங்கேயே மரணிக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆர்வம் காட்டியதாக நிறுவனம் கூறியது. 2015 பிப்ரவரியில் 100 பேர் கொண்ட பட்டியல் வெளிவந்தது. அவர்களில் மூவர் இந்தியர்.

'திரும்புவதில்லை' என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதைச் சிந்தியுங்கள். அது தியாகத்தின் பெயரால் வந்ததன்று. செவ்வாயின் தரையிலிருந்து மனிதரை ஏற்றிக்கொண்டு மீண்டும் மேலெழும் ராக்கெட்டும், அதற்கான எரிபொருளும்தான் இப்பயணத்தின் மிகக் கடினமான, செலவு மிகுந்த பகுதி. அதை நீக்கிவிட்டால் கணக்கு எளிதாகிவிடும். முதல் நால்வருக்கு 600 கோடி டாலர் ஆகும் என்றும், அதில் பெரும் பங்கைத் தொலைக்காட்சி ஒளிபரப்பின் மூலம் ஈட்டலாம் என்றும் திட்டமிட்டார்கள். மனிதனைத் திருப்பி அழைத்துவரும் செலவை மிச்சப்படுத்தி, அவனுடைய தனிமையைக் காட்சிப்பொருளாக்கும் வாணிபம் அது.

அங்கே காத்திருந்தது என்ன? செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கும் காற்றிலும் பெரும்பகுதி கரியமில வாயு. சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 60 பாகை கீழே. பயணப்பாதை 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வசதியாக அமையும். ஒரு கருவி பழுதானால் மாற்றுப் பொருள் வந்துசேரும் வரை அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க முடியுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2014இல் இத்திட்டத்தை ஆராய்ந்தார்கள். உணவு முழுவதையும் குடியிருப்புக்குள்ளேயே பயிரிட்டால் ஆக்சிஜன் அளவு மீறும். அதைச் சமாளிக்கும் முயற்சியில் நைட்ரஜன் தீர்ந்து காற்றழுத்தம் குன்றும். ஏறத்தாழ 68ஆம் நாளில் முதல் மரணம் நேரும் என்று கணக்கிட்டார்கள். ஆக, ஆலிம்கள் சொன்னதையே பொறியியலாளர்கள் வேறு மொழியில் சொன்னார்கள். அவர்களைப் பார்த்து எவரும் நகைக்கவில்லை.

2019 ஜனவரியில் அந்த நிறுவனம் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர நீதிமன்றத்தால் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. ஒருவர்கூடப் புறப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ், எந்த உயிரும் போகவில்லை.

வானம் ஹராமன்று

இங்கே ஒரு தெளிவு வேண்டும். விண்வெளிப் பயணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. 1985இல் சவூதியின் சுல்தான் பின் சல்மான் டிஸ்கவரி விண்கலத்தில் சென்று திரும்பினார். 2007 ரமளானில் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுகூர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது, கிப்லா, தொழுகை நேரம், நோன்பு ஆகியவற்றுக்கான வழிகாட்டலை அந்நாட்டு ஃபத்வா மன்றம் தொகுத்தளித்தது. செவ்வாய் ஃபத்வா வெளியான அதே அமீரகத்திலிருந்து 2019இல் ஹஸ்ஸா அல்மன்சூரி விண்வெளி நிலையத்துக்குச் சென்று எட்டாம் நாள் பூமிக்குத் திரும்பினார். அந்நாட்டின் 'நம்பிக்கை' விண்கலம் 2021 பிப்ரவரி 9 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. செவ்வாயை வெறுத்தவர்களா இதைச் செய்வார்கள்? மனிதனைத் திரும்ப அழைத்துவரும் ஏற்பாடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் அடிப்படை

அல்பகரா அத்தியாயத்தின் 195ஆம் வசனத்தை இங்கே உடனே எடுத்துக்காட்டுவோர் உண்டு. சற்று நிதானம் தேவை. கான்ஸ்டான்டிநோபிள் போர்க்களத்தில் எதிரி அணிக்குள் தனித்துப் பாய்ந்த ஒருவரைக் கண்டு மக்கள் அவ்வசனத்தைக் கூறியபோது, அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்கள் அவர்களைத் திருத்தினார்கள். அறப்போரை விட்டுவிட்டுச் சொத்துகளைப் பராமரிக்க அமர்ந்துவிடுவதைக் குறித்தே அது இறங்கியது என்று விளக்கினார்கள். துணிவு அனைத்தையும் அந்த ஒரு வசனத்தால் அடக்கிவிட இயலாது.

இதைவிட நேரடியான ஆதாரம் அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம். தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பில், கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் இறந்துவிடுவோம் என்றஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, தன்னுயிரைக் கொல்வதைத் தடுக்கும் அவ்வசனத்தையே காரணமாகக் கூறினார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், கண்டிக்கவில்லை. அபூதாவூதில் பதிவான இச்செய்தி நமக்குக் கற்பிப்பது என்ன? இறக்கும் நோக்கம் இல்லாவிட்டாலும், இறப்பு நேரும் என்ற வலுவான எண்ணம் இருக்கும் இடத்துக்குள் வேண்டுமென்றே நுழைவதையும் அவ்வசனம் தடுக்கிறது.

நம் ஷாஃபிஈ ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு மிக நெருங்கிய மஸ்அலா ஒன்றும் உண்டு: ஹஜ்ஜுக்குக் கடல்வழி. கடலில் பாதுகாப்பே மிகைத்திருந்தால் கப்பலேறுவது கடமை. அழிவே மிகைத்திருந்தால் கடமை நீங்கிவிடும்; ஏறுவதும் கூடாது. காலமெல்லாம் கப்பலேறிய கடற்கரைச் சமூகம் நாம். இந்தச் சட்டத்தின் பொருள் நமக்கு நன்கு விளங்கும். இஸ்லாத்தின் ஐந்தாம் தூணுக்கே உயிரைப் பணயம் வைக்க அனுமதி இல்லை. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு உண்டா?

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

"மரணம் எங்கிருந்தாலும் வரும், எல்லாம் கத்ர்" என்கிறார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னுமிடத்திலிருந்து படையுடன் திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்களே கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்பதே உமர் அவர்கள் அளித்த பதிலின் கருத்து. கத்ரை நம்புவோருக்கு எச்சரிக்கையும் கடமையே.

"தீயணைப்பு வீரரும் மருத்துவரும் உயிரைப் பணயம் வைக்கிறார்களே" என்கிறார்கள். ஆம், இன்னோர் உயிரைக் காப்பதற்காக. அவர்களும் திரும்பி வரவே முயல்கிறார்கள். மேலும், செவ்வாயில் மனிதர் செய்யவிருந்த ஆய்வைத் திரும்பி வரும் வழியோடும் செய்யலாம். அதற்குத் தேவை பொறுமை மட்டுமே.

"இப்னு பதூதா பயணிக்கவில்லையா?" இந்த வாதத்தை மார்ஸ் ஒன் நிறுவனமே அமீரக ஆலிம்களுக்கு எழுதிய பதிலில் முன்வைத்தது. 1325இல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு, நம் மஅபர் கரை வரை வந்த அப்பெருமகன் தம் நாட்டுக்குத் திரும்பினார். திரும்பியதால்தான் அவருடைய பயண நூல் உலகுக்குக் கிடைத்தது. அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்ற ஸஹாபாக்களும் கொடுமையிலிருந்து உயிரையும் தீனையும் காக்கவே சென்றார்கள். அங்கே நீதியுள்ள அரசர் இருந்தார். ஜஅஃபர் (ரலி) அவர்கள் கைபர் வெற்றியின்போது திரும்பி வந்து நபியவர்களைச் சந்தித்தார்கள்.

உயிர் ஓர் அமானத்

"என் உயிர், என் விருப்பம்" என்பது கடைசி வாதம். முஸ்லிமின் அகீதாவில் அதற்கு இடமில்லை. உயிர் நமக்கு அளிக்கப்பட்ட அமானத். அதன்மீது பிறருக்கும் ஹக் உண்டு. போருக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என்று வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடுமாறு திருப்பி அனுப்பினார்கள் நபி (ஸல்) அவர்கள். விண்ணப்பித்தோரில் மனைவி மக்கள் உள்ளவர்களும் இருந்தார்கள். நம் சபராளிகளின் வீடுகளைக் கேளுங்கள்: இரண்டாண்டுப் பிரிவையே பிள்ளைகள் எப்படிச் சுமக்கிறார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பிரிவைத் தாங்கவைப்பது திரும்பி வரும் தேதி ஒன்றே.

மார்ஸ் ஒன் முடிந்துவிட்டது, கேள்வி முடியவில்லை. எலான் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் செவ்வாய்க்கு மனிதரை அனுப்ப முயல்கிறது. முதல் பயணங்களில் மரண ஆபத்து மிக அதிகம் என்று 2016இல் அவரே கூறினார். காரணம் மாறினால் சட்டமும் மாறும்: பாதுகாப்பு மிகைத்து, திரும்பும் வழி உறுதியானால் நம் பிள்ளைகளும் தாராளமாகச் செல்லட்டும். அதற்காக இப்போதே இயற்பியலும் பொறியியலும் படிக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை "நான் போய்விட்டால் திரும்பி வரவே வேண்டாம்" என்று விளையாட்டாகச் சொன்னாலும், ஃபத்வாவை எடுத்து நீட்டாதீர்கள். அருகில் அமர்ந்து, எதை விட்டுப் போக விரும்புகிறாய் என்று கேளுங்கள். விண்வெளி ஆசையாக இருந்தால் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வாழ்வின் மீதான சலிப்பாக இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

உயிரின் மதிப்பை உணர்ந்து வாழும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.