டொலரில் வாடகை, ரூபாயில் வியாபாரம்

மாவனல்லையில் ஓரளவு பெரிய ஹார்ட்வெயார் கடையோ மருந்துக் கடையோ வைத்திருப்பவரிடம் பில்லிங் மென்பொருள் விற்க வருகிறவர்கள் ஒரே பாடத்தைத்தான் ஒப்புவிக்கிறார்கள். சொந்தமாக சர்வர் வாங்குவது பழைய காலத்து வேலை, காசை முடக்க வேண்டாம், எல்லாவற்றையும் க்ளவுடில் போடுங்கள், பாவித்த அளவுக்குக் கட்டினால் போதும் என்கிறார்கள். கொழும்புக் கொம்பனிகளும், கணினி படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளும் இதைக் கேள்வி கேட்காமல் நம்புகிறார்கள். மாதா மாதம் ஒரே அளவில் ஓடும் வேலைக்கு க்ளவுட் மலிவு என்பது பொய்க்கணக்கு. இலங்கையில் அது ஆபத்தான கணக்கும்கூட, வாடகை டொலரில் என்பதால்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது. 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாய் மீதான பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதிக்குள் டொலர் 360ஐ எட்டியது. மாதம் 100 டொலர் க்ளவுட் வாடகை கட்டியவரின் 20,300 ரூபாய் பில் பத்தே வாரத்தில் 36,000 ஆனது. அவருக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் கூடவில்லை. கடை ரூபாயில்தான் விற்றுக்கொண்டிருந்தது. சர்வரும் டொலரில்தானே இறக்குமதியாகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு ஒருமுறைதான் விலை கொடுக்கிறோம். 2021இல் வாங்கி வைத்தவரின் இயந்திரம் பழைய விலையிலேயே ஓடியது. வாடகைக்காரர் அன்றன்றைய நாணயமாற்று விகிதத்துக்குக் கட்டுப்பட்டவர். பழைய 200 ரூபாய் டொலர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டைப் பாருங்கள். பேர் விழுந்த நாட்கள், கொழுந்து எத்தனை கிலோ, இறப்பர் பால் எவ்வளவு, முற்பணம், ஈபிஎஃப் கழிவு. போன மாதம் இருந்த வேலைதான் வரும் மாதமும். இதற்கு ஒரு நடுத்தர இயந்திரம் ஐந்து வருடம் தாராளமாகப் போதும். பரீட்சைத் திணைக்களத்தின் கதை வேறு. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாளில் நாடே அந்த இணையத்தளத்தை மொய்க்கிறது, சில நாளில் கூட்டம் கலைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் வாடகைதான் சரி. அதை நான் மறுக்கவில்லை. பெறுபேற்று நாளுக்குப் பொருந்தும் கணக்கைச் செக்ரோலுக்கும் கடை பில்லுக்கும் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

வாடகை எங்கே போகிறது? 2024இல் அமேசானின் க்ளவுட் பிரிவு 107.6 பில்லியன் டொலர் வருமானம் ஈட்டியது. அதில் செயற்பாட்டு இலாபம் மட்டும் 39.8 பில்லியன். நூறு டொலர் கட்டினால் 37 டொலர் அவர்களுடைய இலாபம். தரவை உள்ளே ஏற்றக் கட்டணமில்லை. அளவுக்கு மேல் வெளியே எடுத்தால் ஜிபி கணக்கில் அறவிடுகிறார்கள்.

கணக்குப் பார்த்தவர்கள் க்ளவுடிலிருந்து வெளியேறியும் இருக்கிறார்கள். கோப்புகளைச் சேமித்துத் தரும் ட்ரொப்பொக்ஸ் தன் சேமிப்பைச் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றி, இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 75 மில்லியன் டொலர் மிச்சம் பிடித்தது. 2022இல் 3.2 மில்லியன் டொலர் க்ளவுட் செலவு செய்த மென்பொருள் நிறுவனமான 37சிக்னல்ஸ், சுமார் 7 இலட்சம் டொலருக்கு சர்வர்களை வாங்கிக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. அதற்காக ஆள் கூட்டவில்லை என்றும் அறிவித்தது. தமிழ்நாட்டில் வேரூன்றிய ஸோஹோ தன் சேவைகளைச் சொந்தத் தரவு நிலையங்களிலேயே நடத்துகிறது.

எதிர்த்தரப்பு உடனே 2023 ஓகஸ்டைக் காட்டும். அரசே நடத்திய லங்கா கவர்ன்மன்ட் க்ளவுட்டை ரான்சம்வெயார் தாக்கியது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு அழிந்தது. வெட்கக்கேடான சம்பவம். ஆனால் அங்கே ஓடியது ஆதரவுக்காலம் முடிந்துபோன எக்ஸ்சேஞ்ச் 2013 மின்னஞ்சல் மென்பொருள். அந்தக் காலத்துத் தரவுக்கு வலையமைப்புக்கு வெளியே பிரதியும் இல்லை. சொந்தமாக வைத்திருந்ததைக் குற்றம் சொல்வதற்கு முன் இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். வாடகைப் பக்கமும் பத்திரமில்லை: 2024 மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் க்ளவுட் கணக்கைக் கூகுளே தவறுதலாக அழித்துவிட்டது. ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான அங்கத்தவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதி மீட்புக்குக் கைகொடுத்தது. சொந்தமோ வாடகையோ, இரண்டாவது பிரதி வேறிடத்தில் இருந்தாக வேண்டும். மகா ஓயா பெருகினால் பதறும் ஊர் மாவனல்லை. 2016இல் அரநாயக்கவில் மலையே சரிந்தது. ஒரே கட்டடத்தை நம்பச் சொல்லி நான் எழுதவில்லை.

மின்வெட்டையும் சொல்வார்கள். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அன்று க்ளவுடில் இருந்த கடைக்காரரின் ரவுட்டரும் அணைந்துதான் கிடந்தது. கடைக்குள்ளேயே சிறிய சர்வரும் நல்ல பற்றரியும் வைத்திருந்தவருக்கு, இணையம் இல்லாமலும் சில மணி நேரமாவது பில் போட வழி இருந்தது.

அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் உங்கள் மாத பில்லை எடுத்து அறுபதால் பெருக்குங்கள். இயந்திரம், மின்சாரம், பற்றரி, பராமரிக்கும் ஆளின் கூலி, வெளியே வைக்கும் பிரதி எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு விலை கேளுங்கள். இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதித் தரும்படி விற்க வந்தவரிடமே சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் கையெழுத்து வைக்காதீர்கள்.