மோட்டாரின் தகுதி நீடித்த சக்தியே

2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டதிலிருந்து, இக்கரையோரப் பட்டறைகளில் மின்வாகனத்தைப் பற்றிய பேச்சு பெருகியிருப்பது இயல்பே. ஆயினும் புதிய வாகனம் வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதன்று. துறைமுகச் சாலையிலும் உப்பளப் பாதையிலும் மீன் இறங்குதளத்திலும் அன்றாடம் உழைத்து, உடல் உறுதியாக இருந்தும் என்ஜின் ஓய்ந்துபோன பெட்ரோல் வேன்களையும் ஆட்டோக்களையும் மின்சக்திக்கு மாற்றித் தரும் பொறுப்பு நம் தொழிலாளரையே சார்ந்தது. அப்பணியில் முதன்மையான மோட்டார்த் தேர்வை, விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் உச்ச சக்தியைக் கண்டே முடித்துவிடும் வழக்கம் நமக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது.

உச்ச சக்தி என்பது சில விநாடிகளுக்கு மட்டும் மோட்டார் தரக்கூடியது. அதற்குமேல் நீடித்தால் கம்பிச்சுற்று கொதித்துவிடும். 30 நிமிஷம் இடைவிடாமல் தரக்கூடிய சக்தியே யந்திரத்தின் உண்மையான தகுதி என்பதனாலன்றோ, ஏ.ஐ.எஸ். 041 என்னும் இந்தியத் தர விதி அதனைத் தனியே பரிசோதித்துக் குறிக்கச் சொல்கிறது?

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். சுமையோடு 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறு வேன், சமதளத்தில், காற்றில்லா நேரத்தில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சக்கரத்தில் வேண்டுவது சுமார் 4 கிலோவாட். 30 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் மேம்பாலத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சுமார் 7 கிலோவாட் வேண்டும். ஆனால் ஓரிரு நிமிஷத்தில் பாலம் முடிந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் அதே வேன் மேலைக்காற்றை எதிர்த்து 50 கிலோமீட்டர் வேகத்தில் திருநெல்வேலி நோக்கிப் புறப்பட்டாலோ, காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கொண்டால், ஏறத்தாழ ஒரு மணி நேரமும் 6 கிலோவாட்டுக்கு மேல் இடையறாது வேண்டியிருக்கும். பல்சக்கர நஷ்டத்தையும் சேர்த்தால் மோட்டாரின் பங்கு 7 கிலோவாட்டை எட்டும். உச்சத்தில் 20, நீடிப்பில் 5 என்றிருக்கும் மோட்டார் பாலத்தைச் சுலபமாக ஏறிவிட்டு, இந்தச் சமவெளிப் பயணத்தில் கருகும். இத்தகைய வேனுக்கு நீடித்த சக்தி 10 கிலோவாட் இருத்தல் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

மோட்டார்களின் தகுதி பொதுவாக 40 பாகைச் சுற்றுப்புற உஷ்ணத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. கோடையில் மூடிய என்ஜின் அறைக்குள் உஷ்ணம் அதனைக் கடந்துவிடும். செம்பின் மின்தடையோ ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறுவதால், வெப்பமே மேலும் வெப்பத்தை விளைவிக்கும். உப்புக்காற்று இதற்கு அடுத்த சத்துரு. கார்பன் பிரஷ் உள்ள திறந்த டி.சி. மோட்டாரை இக்கரையில் பொருத்துவது விவேகமன்று. எவ்வகை மோட்டாராயினும் முற்றிலும் மூடிய கூடும், துருப்பிடிக்காத தண்டும், முத்திரையிட்ட பேரிங்கும் கேட்டு வாங்க வேண்டும்.

எஞ்சி நிற்பது, நிரந்தரக் காந்த மோட்டாரா, இண்டக்‌ஷன் மோட்டாரா என்ற வினா. காந்த மோட்டார் எடையிற் குறைந்தது, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவது. சிறிய பாட்டரியோடு ஓடும் ஆட்டோவுக்கு அதுவே உகந்தது. ஆனால் அதிலுள்ள நியோடிமியக் காந்தத்தின் சாதாரண ரகம் சுமார் 80 பாகைக்கு மேல் காந்தசக்தியை இழக்கத் தொடங்கும்; அவ்வெப்பத்தைத் தாங்கச்செய்யும் டிஸ்புரோசியத்தின் ஏற்றுமதிக்கு 2025 ஏப்ரலில் சீனா விதித்த கட்டுப்பாடு நம் வாகனத் தொழிலையே கலங்கச்செய்தது. மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் நியோடிமியம் உண்டெனினும், டிஸ்புரோசியம் மிக அற்பமே. வாடகைக்கு எடுத்த கப்பலை உரியவர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டபின், சுதேசிக் கம்பெனிக்குச் சொந்தமாகக் ‘காலியா’வையும் ‘லாவோ’வையும் வாங்கிய வ.உ.சி.யின் ஊரில், பிறர் தயவில் நிற்கும் பொருளின் அபாயத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இண்டக்‌ஷன் மோட்டாரிலோ காந்தமில்லை. ஜி.டி. நாயுடு 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூரில் அதன் நுட்பம் வேரூன்றியிருக்கிறது. கம்பிச்சுற்று எரிந்தாலும் நம்மூரிலேயே திரும்பச் சுற்றிவிடலாம். முதலில் டி.சி. மோட்டாரோடு வந்த ரேவா கார் பின்னர் இவ்வகைக்கே மாறிற்று; அதன் வழிவந்து 2013இல் வெளியான மகேந்திரா இ2ஓ-வும் இதனையே ஏற்றது. சற்று எடை கூடினும், மின்செலவு சில சதவீதம் மிகினும், இக்கரையின் வேன்களுக்கு இண்டக்‌ஷன் மோட்டாரையே நாம் சிபாரிசு செய்கிறோம்.

எதைத் தேர்ந்தாலும், ஏ.ஐ.எஸ். 123 விதிப்படி அங்கீகாரம் பெற்ற மாற்றுத் தொகுதியின் அங்கமாக அது இருக்க வேண்டும். மாற்றம் பதிவுச் சான்றில் ஏறவும் வேண்டும். அவ்வாறன்றிச் சாலைக்கு வரும் வாகனம் விபத்துற்றால், இன்ஷூரன்ஸ் விவகாரத்தில் அல்லற்படுவது நம்மை நம்பி வாகனத்தை ஒப்படைத்தவரே.

ஆகவே தொழில் அன்பர்களுக்கு நமது வேண்டுகோள் இது: 30 நிமிஷ சக்தி, கம்பிச்சுற்றின் உஷ்ண வரம்பு, தூசும் நீரும் புகாமைக்கான தரக் குறியீடு ஆகிய மூன்றையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித்தர மறுப்பவரின் மோட்டாரை, விலை எத்துணைக் குறைவாயினும், எந்த வாகனத்திலும் பொருத்தாதீர்கள்.